குறைந்த தூரம், கூடிய கட்டணம்: தோட்டப்புற நகரத்திலிருந்து ரயிலேறுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரின் மைய நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்திற்கு ஓடும் கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் 57 கிலோமீட்டர் தூரத்தை 28 நிமிடத்தில் கடக்கிறது. 2016ஆம் ஆண்டிலிருந்து அதில் பெரியவர் ஒருவருக்கான ஒருவழிக் கட்டணம் 55 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). அதே நிலையத்தில் இ.டி.எஸ். என்னும் நெடுந்தூர மின்சார ரயிலின் கோல்ட் வகை வண்டியில் ஏறி, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஈப்போவுக்குச் செல்பவர் வழக்கமான நாளில் அதைவிடக் குறைவாகத்தான் செலுத்துகிறார். ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்கு ஐந்தே நிமிடம் ஓடும் ஷட்டல் தெப்ராவ் ரயிலுக்கு 5 வெள்ளி; திரும்பி வரும்போது அதே தண்டவாளத்தில், அதே ஐந்து நிமிடத்திற்கு 5 சிங்கப்பூர் டாலர், அதாவது நம் பணத்தில் மூன்று மடங்குக்கும் மேல்.

பேராக் மாநிலத்தின் சிலிம் ரிவர், சுங்காய், தாப்பா ரோட் போன்ற ஊர்களில் வாழும் நமக்கு இந்த முரண் புதிதன்று. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் இந்த நிலையங்களில் மின்சார ரயில் நிற்கிறது. ஆனால் அடுத்த ஊருக்குப் போக டிக்கெட் விலையைப் பார்ப்பவர், கோலாலம்பூர் வரை போகும் விலையோடு அதை ஒப்பிட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளிலேயே போய்விடலாம் என்று முடிவு செய்கிறார். அந்த முடிவு பல வேளைகளில் சரியானதுதான். எப்போது சரி, எப்போது தவறு என்பதைக் கண்டுகொள்ளக் கட்டணம் எப்படி உருவாகிறது என்பதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தப் படிகளையே இங்கே எழுதுகிறேன். கட்டணங்கள் அவ்வப்போது மாறுபவை என்பதால், உறுதியாகத் தெரிந்த எண்களை மட்டும் கொடுத்து, மற்ற இடங்களில் கணக்குப் போடும் முறையைக் காட்டியிருக்கிறேன்.

முதல் படி: எந்தச் சேவையின் கட்டணம் என்று பாருங்கள்

ரயில் என்று பொதுவாகச் சொன்னாலும், நம் வழித்தடத்தில் ஓடுபவை ஒரே வகை வண்டிகள் அல்ல. 1995இல் தொடங்கிய, தேசிய ரயில் நிறுவனமான கே.டி.எம். நடத்தும் கொமுட்டர் புறநகர்ச் சேவை. அதில் இருக்கை எண் கிடையாது, முன்பதிவு தேவையில்லை, நின்றுகொண்டும் போகலாம். 2010இல் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே ஓடத் தொடங்கி, 2015இல் பாடாங் பெசார் வரை நீண்ட இ.டி.எஸ். நெடுந்தூரச் சேவை, ஒவ்வொரு டிக்கெட்டும் ஒரு குறிப்பிட்ட வண்டியின் குறிப்பிட்ட இருக்கைக்கு உரியது. கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் கே.டி.எம். நிறுவனத்தைச் சேர்ந்ததே அன்று. 2002இலிருந்து தனி நிறுவனம் ஒன்று தன் சொந்தப் பாதையில் நடத்திவரும் சேவை அது. தலைநகருக்குள் ஓடும் நகர ரயில்களான எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில் ஆகியவை ரேப்பிட் கே.எல். வசம் உள்ளன. அங்கே செல்லுபடியாகும் 50 வெள்ளி மாதாந்தர அட்டையான மை50 கொமுட்டருக்குச் செல்லாது என்பதைத் தலைநகரில் வேலை தேடிப் போகும் நம் பிள்ளைகள் பலர் முதல் மாதத்தில்தான் அறிகிறார்கள்.

இந்த வேறுபாடு தஞ்சோங் மாலிமில் மிகத் தெளிவாகத் தெரியும். அங்கே கொமுட்டரும் வருகிறது, இ.டி.எஸ். வண்டியும் நிற்கிறது. அதற்கு வடக்கே உள்ள பேராங், சிலிம் ரிவர், சுங்காய் ஆகிய ஊர்களுக்குக் கொமுட்டர் வருவதில்லை. கொமுட்டரின் கட்டணம் 2015 டிசம்பரில் கிலோமீட்டருக்கு 11 காசிலிருந்து 15 காசாக உயர்த்தப்பட்டது. அந்த விகிதத்தில், தஞ்சோங் மாலிமிலிருந்து கோலாலம்பூர் வரையிலான சுமார் 80 கிலோமீட்டருக்கு 12 வெள்ளி அளவில் ஆகும். அதே விகிதம் விமான நிலைய ரயிலுக்கும் இருந்திருந்தால், 55 வெள்ளிக்கு 360 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கலாம். விகிதமே வேறாக இருக்கும் இரு சேவைகளைத் தூரத்தால் ஒப்பிடும்போதுதான் முதல் வியப்பு பிறக்கிறது. எனவே விலையைப் பார்ப்பதற்கு முன் வண்டியின் பெயரைப் பாருங்கள். இ.டி.எஸ். என்று மட்டும் பார்த்தாலும் போதாது, கோல்டா பிளாட்டினமா என்பதையும் பார்க்க வேண்டும். பிளாட்டினம் குறைவான நிலையங்களில் நின்று விரைவாகப் போகும், விலையும் கூடுதல். கோல்டில் நெடுந்தூரம் போவதைவிடப் பிளாட்டினத்தில் குறைந்த தூரம் போவது அதிகமாகிவிடும் இடங்கள் உண்டு.

இரண்டாம் படி: நிலையான பங்கையும் தூரப் பங்கையும் பிரியுங்கள்

எந்த ரயில் கட்டணத்திலும் இரண்டு பங்குகள் மறைந்திருக்கின்றன. ஒன்று, நீங்கள் ஒரு கிலோமீட்டர் போனாலும் முந்நூறு கிலோமீட்டர் போனாலும் மாறாதது; மற்றது தூரத்தோடு வளர்வது. வீடு மாற்ற லாரி பிடித்தவர்களுக்கு இது தெரியும்: பக்கத்துத் தோட்டத்திற்குச் சாமான் ஏற்றினாலும் லாரிக்காரர் ஒரு குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே வரமாட்டார், ஏனென்றால் வண்டியை எடுப்பதும் ஆளைக் கூட்டுவதும் ஏற்றி இறக்குவதும் தூரத்தைப் பார்த்துக் குறைவதில்லை.

ரயிலில் அந்த மாறாத பங்கிற்குள் இருப்பவை பல. நிலையத்தின் விளக்கு, மின்தூக்கி, டிக்கெட் முகப்பு, பாதுகாவலர் ஆகிய செலவுகள் ஏறும் ஒவ்வொருவர் மீதும் விழுகின்றன. அதைவிட முக்கியமானது வண்டியை நிறுத்துவதற்கு ஆகும் செலவு. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஆறு பெட்டி வண்டி வேகத்தைக் குறைத்து, நின்று, கதவு திறந்து மூடி, மீண்டும் அந்த வேகத்தைப் பிடிப்பதற்குள் சில நிமிடங்களும் கணிசமான மின்சாரமும் செலவாகின்றன. பட்டர்வொர்த் வரை போகும் நூற்றுக்கணக்கானோரின் நேரத்திலிருந்து அந்த நிமிடங்கள் கழிகின்றன. சிலிம் ரிவரில் நான்கு பேர் ஏறுவதற்காக வண்டி நிற்கும்போது, அந்த நான்கு பேரும் கம்பார் வரை போனாலும் பாடாங் பெசார் வரை போனாலும் நிறுத்தச் செலவு ஒன்றுதான்.

கணக்குக்காக ஒரு கற்பனை விலையை எடுத்துக்கொள்வோம். நிலையான பங்கு 6 வெள்ளி, கிலோமீட்டருக்கு 10 காசு என்று வைத்தால், 20 கிலோமீட்டர் பயணத்திற்கு 8 வெள்ளி, 200 கிலோமீட்டருக்கு 26 வெள்ளி. மொத்தத் தொகையில் நெடும்பயணமே அதிகம். ஆனால் கிலோமீட்டருக்குப் பார்த்தால் குறும்பயணி 40 காசும் நெடும்பயணி 13 காசும் கொடுக்கிறார்கள். தாங்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்பவர்கள் பெரும்பாலும் இந்த விகிதத்தைத்தான் உணர்கிறார்கள். உண்மையான விலைகளுக்கும் இதையே செய்து பார்க்கலாம். கே.டி.எம். செயலியில் உங்கள் நிலையத்திலிருந்து ஒரே வண்டியில், ஒரே நாளில், அருகிலும் தொலைவிலும் உள்ள இரண்டு ஊர்களுக்கான விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். விலைகளின் வித்தியாசத்தைத் தூரங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் கிடைப்பது தூரப் பங்கு. அதை அருகிலுள்ள ஊரின் தூரத்தால் பெருக்கி அதன் விலையிலிருந்து கழித்தால் எஞ்சுவது, ஏறியதற்காகவே நீங்கள் கொடுக்கும் தொகை. ஐந்து நிமிட வேலைதான். இதைச் செய்து பார்த்த பிறகு விலைப்பட்டியல் புதிராகத் தெரியாது.

மூன்றாம் படி: இருக்கையை விற்பவரின் இடத்திலிருந்து பாருங்கள்

இருக்கை எண் உள்ள வண்டிகளில் விலையை ஆட்டிப்படைப்பது இந்தப் பகுதிதான், ஆகவே சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் போகும் வண்டியில் சன்னலோரத்து இருக்கை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சுங்காயில் ஏறிக் கம்பாரில் இறங்க அதை வாங்கிவிட்டால், அந்த இருக்கை கோலாலம்பூரிலிருந்து சுங்காய் வரையும், கம்பாரிலிருந்து பட்டர்வொர்த் வரையும் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுத் தூரமும் போக விரும்பும் ஒருவருக்கு அதை இனி விற்க முடியாது. நடுவிலுள்ள ஒரு சிறு துண்டு விற்றதால் இரண்டு பெரிய துண்டுகளுக்கு வேறு வேறு ஆட்களைத் தேட வேண்டியதாகிறது. அந்த ஆட்கள் கிடைக்காவிட்டால், குறும்பயணி கொடுத்த சில வெள்ளிக்காக நெடும்பயணியின் முழுக் கட்டணம் கைவிட்டுப் போகிறது.

சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் இது எவருக்கும் கவலையில்லை. காலி இருக்கைகள் இருக்கும், குறும்பயணி கொடுப்பது முழுவதும் வரவுதான். தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலையில் நிலைமை தலைகீழ். ஒவ்வோர் இருக்கைக்கும் முழுத்தூரப் பயணி காத்திருக்கிறார். அன்று நடுத்துண்டை மலிவாக விற்பது நிறுவனத்திற்கு நேரடி இழப்பு. உலகெங்கும் ரயில் நிறுவனங்கள் இந்த இழப்பைத் தடுக்க மூன்று வழிகளைக் கையாளுகின்றன: குறைந்தபட்சக் கட்டணம் வைப்பது, குறும்பயணங்களுக்கு ஒதுக்கும் இருக்கைகளை அளவோடு திறப்பது, அல்லது வண்டி நிரம்ப நிரம்ப விலையை ஏற்றுவது. மூன்றாவது வழி நடைமுறையில் உள்ள இடங்களில், இன்று வாங்கும் குறும்பயணம் சென்ற மாதம் வாங்கிய நெடும்பயணத்தைவிட மொத்தத் தொகையிலேயே அதிகமாகிவிடலாம்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. முழுப் பயணத்திற்கு இடமில்லை என்று செயலி சொன்னால், வண்டியே நிரம்பிவிட்டது என்று பொருளில்லை. முழுத்தூரமும் காலியாக இருக்கும் இருக்கை ஒன்றுகூட இல்லை என்பது மட்டுமே பொருள். கேஎல் சென்ட்ரலிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை ஓர் இருக்கையும், அங்கிருந்து சிலிம் ரிவர் வரை வேறோர் இருக்கையும் தனித்தனியாகத் தேடினால் கிடைக்கக்கூடும். அதே வண்டியில் இடம் மாறி உட்கார வேண்டும், அவ்வளவே. ஆனால் நிலையான பங்கை இருமுறை கொடுப்பதால் இது பொதுவாக விலை கூடிய வழி. இடம் பிடிப்பதற்கான உபாயம் என்றே இதைக் கொள்ளுங்கள், பணம் மிச்சம் பிடிப்பதற்கானது அன்று.

நான்காம் படி: உங்களுக்கு வேறு வழி என்ன இருக்கிறது என்று பாருங்கள்

விலை வைப்பவர் செலவை மட்டும் பார்ப்பதில்லை, வாங்குபவருக்கு வேறு போக்கிடம் உண்டா என்பதையும் பார்க்கிறார். கோலாலம்பூர், ஈப்போ, பட்டர்வொர்த் ஆகிய ஊர்களுக்கிடையே மணிக்கு மணி விரைவுப் பேருந்து ஓடுகிறது, சொந்தக் கார் உள்ளவருக்கு வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை இருக்கிறது. பினாங்குக்கு விமானமும் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் பிளஸ் நிறுவனம் நடத்தும் அந்த நெடுஞ்சாலையின் சுங்கக் கட்டணம் 18 விழுக்காடு குறைக்கப்பட்ட பிறகு, குடும்பமாகக் காரில் போவது இன்னும் மலிவானது. அத்தகைய வழித்தடத்தில் ரயில் தன் விலையை விருப்பம்போல் ஏற்ற முடியாது. விமான நிலையத்திற்குப் போகிறவர் நிலை வேறு. விமானத்தைத் தவறவிட்டால் ஏற்படும் இழப்போடு ஒப்பிட்டால் 55 வெள்ளி சிறியது. நெரிசலில் சிக்காமல் 28 நிமிடத்தில் போய்ச் சேருவோம் என்ற உறுதிக்கே அவர் பணம் கொடுக்கிறார்.

ஷட்டல் தெப்ராவ் இதன் உச்சம். ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தில் பேருந்தும் காரும் மணிக்கணக்கில் நிற்கும் நாள்களில், ஐந்து நிமிடத்தில் கடலைத் தாண்டும் இருக்கைக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் இருப்பார்கள். ஒவ்வொரு கரையிலும் அந்தக் கரையின் நாணயத்தில் ‘5’ என்றே விலை வைத்திருக்கிறார்கள்; தூரத்திற்கும் கட்டணத்திற்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேட வேண்டியதில்லை.

இங்கே என் கருத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நெடும்பயணி கிலோமீட்டருக்குக் குறைவாகக் கொடுப்பதில் எனக்கு முறைப்பாடு இல்லை. கணக்கு அப்படித்தான் வரும். ஆனால் கொமுட்டர் தஞ்சோங் மாலிமோடு நின்றுவிடுவதால், அதற்கு வடக்கே வாழ்பவர்கள் பக்கத்து ஊருக்குப் போகவும் நெடுந்தூர வண்டியின் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கம்பாரில் பல்கலைக்கழகம், தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் புரோட்டோன் தொழிற்சாலையும் இருக்கும்போது, தோட்டப்புறப் பிள்ளைகள் நாள்தோறும் போய்வரக்கூடிய தூரத்திலேயே படிப்பும் வேலையும் இருக்கின்றன. தண்டவாளமும் மின்கம்பியும் ஏற்கெனவே ஊரைக் கடந்துதான் போகின்றன. குறைகூற வேண்டுமென்றால் விலைப்பட்டியலை அல்ல, எந்தச் சேவை எங்கே நிற்கிறது என்ற முடிவைத்தான் குறைகூற வேண்டும் என்பது என் எண்ணம்.

ஐந்தாம் படி: பயணத்தைப் பிரிப்பதா, சேர்ப்பதா என்று முடிவு செய்யுங்கள்

ஒரே பயணத்தை இரண்டு டிக்கெட்டாக வாங்கினால் மலிவாகுமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. நிலையான பங்கு பெரியதாக இருந்தால் பிரிப்பது நட்டம். வழியின் ஒரு துண்டுக்கு மட்டும் அளவுக்கு மீறிய விலை வைக்கப்பட்டிருந்தால் பிரிப்பது இலாபம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் வட்டாரத்தின் இரண்டு பயணங்களைப் பார்ப்போம்.

சிலிம் ரிவரிலிருந்து கோலாலம்பூர் போக, நேராக இ.டி.எஸ். ஏறலாம், அல்லது சாலைவழியாகத் தஞ்சோங் மாலிம் போய்க் கொமுட்டர் ஏறலாம். இரண்டாவது வழியில் டிக்கெட் விலை குறைகிறது, ஆனால் எல்லா நிலையங்களிலும் நிற்பதால் நேரம் கூடுகிறது. வீட்டார் ஒருவர் கொண்டுபோய் விட முடிந்தால், அல்லது நிலையத்தருகே வண்டியை நிறுத்திவிட்டுப் போக முடிந்தால், தனியாகப் போகிறவருக்கும் இது கட்டுபடியாகும். வாடகை வண்டி பிடித்துத்தான் தஞ்சோங் மாலிம் போக வேண்டுமென்றால், அந்த வாடகை கட்டண வித்தியாசத்தை விழுங்கிவிடும். நான்கு பேர் சேர்ந்து போனால் மறுபடியும் கணக்கு மாறும், ஏனென்றால் வாடகை ஒருமுறைதான், மிச்சம் நான்கு மடங்கு. தைப்பூசத்திற்குப் பத்துமலை போகிறவர்களுக்குத் தஞ்சோங் மாலிம் வழியே பெரும்பாலும் வசதி: கொமுட்டரில் புத்ரா நிலையம் வரை வந்து, அங்கே பத்துமலை வண்டிக்கு மாறினால், நிலையத்தை விட்டு வெளியேறாமல் ஒரே சேவையில் கோயில் வாசலுக்கே போய்விடலாம்.

விமான நிலையப் பாதையில் பிரிப்பதுதான் இலாபம். அதே தண்டவாளத்தில் ஓடும் கே.எல்.ஐ.ஏ. டிரான்சிட் இடையிலே பண்டார் தாசேக் செலாத்தான், புத்ராஜெயா, சாலாக் திங்கி ஆகிய நிலையங்களில் நிற்கிறது. கேஎல் சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்திற்கு நேரடியாகப் போனால் டிரான்சிட்டிலும் 55 வெள்ளிதான். ஆனால் கேஎல் சென்ட்ரல்–புத்ராஜெயா கட்டணத்தையும் புத்ராஜெயா–விமான நிலையக் கட்டணத்தையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தால், அதற்கு வெகுவாகக் கீழே நிற்கும். இடைநிலையங்களுக்குப் போகிறவர்கள் அன்றாடம் வேலைக்குப் போய்வருபவர்கள், அவர்களுக்கு வைக்கும் விலை வேறு. விமானப் பயணிக்கு வைக்கும் விலை வேறு. புத்ராஜெயாவில் வெளியேறி மறுபடி உள்ளே வந்து அடுத்த வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதுதான் இதன் விலை. தோளில் ஒரு பையோடு தனியாகப் போகும் இளைஞருக்கு இது தாராளமாகப் போதும். பெட்டிகளோடும் வயதானவர்களோடும் போகும் குடும்பத்திற்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். நான்கு பேருக்கு 220 வெள்ளி கொடுத்து எக்ஸ்பிரஸில் போவதையும் பரிந்துரைக்கமாட்டேன். அந்தத் தொகையோடு ஊரிலிருந்து கோலாலம்பூர் வரும் செலவையும் சேர்த்தால், ஊரிலேயே ஒரு வேனைப் பேசி வீட்டு வாசலிலிருந்து நேராகப் போய்விடலாம்.

பிரித்து வாங்குவது பெரும் கலையாகவே வளர்ந்திருக்கும் நாடு பிரிட்டன். அங்கே 1960களின் இறுதியிலேயே ரயில்வே, தூரத்திற்கேற்ற சீரான கட்டணத்தைக் கைவிட்டு, வழித்தடத்திற்கேற்ப விலை வைக்கத் தொடங்கியது. லண்டன் பேடிங்டனிலிருந்து பிரிஸ்டல் போகிறவர்கள் நடுவே டிட்கோட் வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று இரண்டு டிக்கெட் வாங்குவது பலரறிந்த உதாரணம். காலை நெரிசல் நேரத்துக்குரிய உயர்ந்த கட்டணம் முதல் துண்டுக்கு மட்டும் விழும்படி செய்வதே அதன் சூட்சுமம். பிரித்த இடத்தில் வண்டி நிற்க வேண்டும் என்பதுதான் விதி. பயணி இறங்க வேண்டியதில்லை. பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதே பிரிட்டனில், முன்கூட்டி வாங்கும் மலிவான அட்வான்ஸ் டிக்கெட்டில், விலை குறைவு என்பதற்காகத் தொலைவிலுள்ள ஊருக்கு வாங்கிவிட்டு வழியிலேயே இறங்கிக்கொள்வது விதிமீறல் என்பதையும் சொல்லிவையுங்கள்.

ஆறாம் படி: தமிழ்நாட்டில் ரயிலேறும்போது கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்

குலதெய்வக் கோயிலுக்கோ உறவினர் திருமணத்திற்கோ சென்னையில் போய் இறங்கும் நம்மவர்கள், மலேசியப் பழக்கத்தில் இந்திய ரயில் டிக்கெட்டைத் தேடி மலைத்துப் போவதுண்டு. இந்திய ரயில்வேயின் அடிப்படைக் கட்டணம், தூரம் கூடக்கூடக் கிலோமீட்டர் விகிதம் குறையும்படி அமைக்கப்பட்டது. எனவே ஒரு நெடும்பயணத்தை இரண்டாகப் பிரித்தால், இரண்டாம் துண்டும் மறுபடியும் உயர்ந்த விகிதத்தில் தொடங்கும். படுக்கை வகுப்புக்கு 20 ரூபாயும் மூன்றடுக்கு ஏசிக்கு 40 ரூபாயும் முன்பதிவுக் கட்டணமாக உண்டு, அதிவிரைவு வண்டியானால் அதற்கான கூடுதல் கட்டணமும் சேரும். இவையும் இருமுறை விழும். அங்கே சேர்த்து வாங்குவதே சிக்கனம்.

அதோடு, ஒவ்வொரு வகுப்புக்கும் குறைந்தபட்சத் தூரம் ஒன்று விதிக்கப்பட்டிருக்கிறது. படுக்கை வகுப்பில் எவ்வளவு குறைவாகப் போனாலும் 200 கிலோமீட்டருக்கும், மூன்றடுக்கு ஏசியில் 300 கிலோமீட்டருக்கும் கட்டணம் எடுக்கப்படும். சென்னை எழும்பூரிலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர், அரியலூர் அதைவிட 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆனாலும் ஒரே வண்டியின் மூன்றடுக்கு ஏசியில் இரண்டிற்கும் அடிப்படைக் கட்டணம் ஒன்றே, ஏனென்றால் இரண்டும் 300 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. எனவே விழுப்புரம் போன்ற பக்கத்து ஊருக்குப் பகல் வண்டியில் உட்காரும் வகுப்பைத் தேடுவதே அறிவுடைமை.

மூன்றாம் படியில் சொன்ன இருக்கைக் கணக்கு அங்கே வெளிப்படையான விதியாகவே இருக்கிறது. வண்டி புறப்படும் நிலையத்திலிருந்து நெடுந்தூரம் போகிறவர்களுக்குப் பொது ஒதுக்கீட்டில் நிறைய இடம். நடுவே ஏறி நடுவே இறங்குகிறவர்கள் ‘பூல்டு கோட்டா’ என்னும் சிறிய ஒதுக்கீட்டில் போட்டியிட வேண்டும், காத்திருப்போர் பட்டியலில் அவர்களுக்கு இடம் உறுதியாவதும் கடினம். அதனால்தான், விலை கொஞ்சம் கூடினாலும் புறப்படும் நிலையத்திலிருந்தே டிக்கெட் எடுத்து, ஏறும் இடத்தை மட்டும் தங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கம் அங்கே இருக்கிறது. ஏறும் நிலையத்தை மாற்றுவதற்கு விதி இடம் தருகிறது. ஆனால் முன்கூட்டிச் செய்ய வேண்டும், மாற்றிய பிறகு பழைய நிலையத்தில் ஏற உரிமையில்லை.

ராஜதானி, சதாப்தி, துரந்தோ என்னும் உயர்வகை விரைவு வண்டிகள் பலவற்றில் 2016 செப்டம்பரிலிருந்து இன்னொரு முறை இருக்கிறது: பத்து விழுக்காடு இடங்கள் விற்கும் ஒவ்வொரு முறையும் அடிப்படைக் கட்டணம் பத்து விழுக்காடு ஏறும், தொடக்கத்தில் ஒன்றரை மடங்கு வரை, 2019இலிருந்து 1.4 மடங்கு வரை. சென்னையிலிருந்து மைசூருக்குச் சதாப்தியில் போக எண்ணுகிறவர்கள், விமான டிக்கெட் வாங்கும் நாளிலேயே ரயிலையும் பார்த்துவிடுவது நல்லது.

ஏழாம் படி: வீட்டு வாசலிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

ரயில் டிக்கெட் என்பது தோட்டப்புறவாசியின் பயணச் செலவில் ஒரு பகுதி மட்டுமே. உள்தோட்டத்திலிருந்து நிலையத்திற்கு வர முறையான பேருந்து இல்லாத இடங்களே அதிகம். அதிகாலை வண்டிக்கு வர வாடகைக் கார், இரவு திரும்பும்போது மறுபடியும் வாடகைக் கார் என்றால், அவை இரண்டும் பயணத்தின் தூரத்தைப் பார்த்து மாறுவதில்லை. இவையும் ஒரு நிலையான பங்குதான். நாள் முழுவதற்கான வேலைகளை ஒரே பயணத்தில் முடித்துக்கொள்வது, இந்தப் பங்கைக் குறைக்க நம் கையில் இருக்கும் மிக நேரான வழி. அடையாள அட்டை புதுப்பிப்பு, மருத்துவமனை, வங்கி என்று மூன்று முறை ஈப்போ போவதைவிட, சந்திப்பு நேரங்களை ஒரே நாளில் அமைத்துக்கொண்டால் ஏறியதற்கான தொகையையும் வண்டி வாடகையையும் ஒருமுறைதான் கொடுப்பீர்கள்.

கணக்கை எழுதும்போது நான்கு எண்களை ஒரே தாளில் வைத்துக்கொள்ளுங்கள்: நேரடி ரயிலின் மொத்தச் செலவு, தஞ்சோங் மாலிம் வழியான செலவு, விரைவுப் பேருந்து, எரிபொருளும் சுங்கமும் நிறுத்துமிடமும் சேர்த்த கார் செலவு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் போகிறவர்களின் எண்ணிக்கையையும், வீட்டிலிருந்து சேருமிடம் வரை ஆகும் நேரத்தையும் எழுதுங்கள். ஒருவராகப் போகும்போது ரயில் முந்தும், மூவருக்கு மேல் போகும்போது கார் முந்தும் என்பது பொதுவான போக்கு. ஆனால் கோலாலம்பூரின் நெரிசல் நேரமும் நிறுத்துமிட வாடகையும் அதை மாற்றிவிடக் கூடும்.

கடைசியாக, சலுகைகள். மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகள், மாணவர்கள், சிறுவர்கள் ஆகியோருக்கான கழிவு ஒவ்வொரு சேவையிலும் வேறு வேறு அளவில் இருக்கிறது. செயலியில் பெயரைப் பதியும்போது பயணியின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், முழுக் கட்டணமே எடுக்கப்படும். பாட்டிக்கும் பேரனுக்கும் சேர்த்து வாங்கும்போது ஒவ்வொருவரின் வகையையும் தனித்தனியாகக் குறியுங்கள். சலுகை டிக்கெட்டில் போகிறவர் தன் அடையாள அட்டையான மைகார்டையோ மாணவர் அட்டையையோ வண்டியில் கையோடு வைத்திருக்க வேண்டும். பரிசோதகர் கேட்கும்போது காட்ட முடியாவிட்டால், மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகக் கொடுக்க நேரிடும்.